மாற்றிய பின்னும் அதே வண்டியா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் ஸ்ரியரிங் தேய்ந்து ஆட்டம் கண்டால், அதைத் திருத்தும் வேலை இரண்டு கேள்விகளை ஒன்றாக எழுப்புகிறது. எதைக் கழற்றி எதைப் பூட்டுவது என்பது ஒன்று. பூட்டிய பிறகு நிற்பது அந்தப் பழைய வண்டிதானா என்பது மற்றது. முதலாவது கராஜுக்கும் இரண்டாவது மெய்யியலுக்கும் உரியவை என்று பிரித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் இரண்டாவதில் பிழையான விடை கொண்டவர் முதலாவதிலும் பிழை செய்வார். பழமையைக் காப்பதாக நினைத்து, முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னைத் தேய்ந்தபடியே விட்டுவைப்பவர் தன் உயிரோடு எதிரே வருபவரின் உயிரையும் பணயம் வைக்கிறார். ஆகவே ஒரு பொருள் எதனால் அதே பொருளாக இருக்கிறது என்ற பழங்கேள்வி, இந்த இடத்தில் வெறும் வாதமாக நின்றுவிடுவதில்லை.

ஸ்பிரைட் என்ற சின்னஞ்சிறு கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1958இல் பிரித்தானியாவில் வெளியான ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட்டும், 1961 முதல் அதன் இரட்டைபோல் விற்கப்பட்ட எம்.ஜி. மிட்ஜெட்டும் மலிவான ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்பதற்காகவே ஆக்கப்பட்டவை. அதனால் புதிதாக எதையும் வார்ப்பதற்குப் பதில், குடும்பக் கார்களின் பாகங்களையே எடுத்துக்கொண்டார்கள். முன்சக்கரத் தாங்கல் ஒஸ்ரின் ஏ35இனுடையது. ஸ்ரியரிங்கின் பற்சட்டமான றாக் மொறிஸ் மைனரினுடையது. 948 கனசென்ரிமீற்றர் எஞ்சின் அவ்விரண்டிலும் ஓடியதுதான். இலங்கையில் ஸ்பிரைட்டும் மிட்ஜெட்டும் மிகச் சில. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் அப்படியல்ல. வடக்கில் டாக்சியாக, மணமக்கள் ஊர்வலத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று இரண்டு மூன்று தலைமுறை ஓடியவை. ஆகவே மன்னாரில் மைனரின் ஸ்ரியரிங்கைத் திருத்தப் பழகிய கைக்கு ஸ்பிரைட்டின் ஸ்ரியரிங் புதிதல்ல. அந்த ஸ்போர்ட்ஸ் கார் பிறந்த நாளிலேயே இரவல் பாகங்களால் ஆனது என்பதும் கவனிக்கத் தக்கது. “அசல் பாகம்” என்று இன்று போற்றப்படுவது அன்றே இன்னொரு காருக்காக வடிவமைக்கப்பட்டது.

மன்னார்க் கரையில் தேய்மானத்துக்குத் தனிக் குணம் உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் கடற்காற்றோடு உப்பும் மணலும் சேர்ந்து வருகின்றன. றாக்கின் இரு முனைகளையும் மூடியிருக்கும் மடிப்பு ரப்பர் உறை வெயிலில் வெடித்தால், அந்த வெடிப்பினூடாக மணல் உள்ளே போய் எண்ணெயோடு கலந்து அரைக்கும் பசையாகிவிடுகிறது. வீதியின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. மதவாச்சியிலிருந்து வரும் ஏ14 வீதி, தாழ்பாலத்தைக் கடந்து பேசாலை வழியாகத் தலைமன்னாருக்குப் போகும்போது பெரும்பாலும் நேராகவே கிடக்கிறது. நேரே ஓடும் வண்டியில், ஸ்ரியரிங் தண்டின் முனையிலுள்ள பற்சில்லான பினியனின் பற்கள் றாக்கின் நடுப்பகுதியில்தான் ஓயாமல் உரசுகின்றன. ஓரப் பற்கள் புதிதுபோல் இருக்க நடுப்பற்கள் மட்டும் குழிகின்றன. றாக்கைப் பினியனோடு அழுத்திப் பிடிக்கும் தட்டின் தகடுகளைக் குறைத்து நடு ஆட்டத்தை நீக்க முயன்றால், தேயாத ஓரங்களுக்கு வந்தவுடன் றாக் இறுகிப் பிடிக்கும். திரும்பிய சக்கரம் தானாக நேருக்கு வராது. அதிகம் பயன்பட்ட இடமே அதிகம் இழந்திருக்கிறது. அந்த இழப்பை இறுக்கி மறைக்க வழியில்லை.

ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. முன்பக்கத்தை ஜக் வைத்து உயர்த்தி, உறுதியான தாங்கியில் இருத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் இன்னொருவர் பிறேக்கை மிதிக்க, மறுபடி ஆட்ட வேண்டும். பிறேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் தேய்ந்தது சக்கரப் பெயாரிங். மறையாவிட்டால் குற்றம் கிங் பின்னிலோ அதன் கீழ் முனையிலோ இருக்கிறது. பிறகு சக்கரத்தின் இடத்தையும் வலத்தையும் பிடித்து ஆட்டினால், றாக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை றொட் முனைகளின் தேய்மானம் தெரியும். ஒருவர் ஸ்ரியரிங் வளையத்தைச் சிறிது சிறிதாக அசைக்க, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்ப்பதே இன்றும் மிகச் சிறந்த சோதனை. ஒரு பக்கத்து உலோகம் அசைந்து மறுபக்கத்து உலோகம் அசையத் தாமதிக்கும் இடத்தை விரல் கண்ணுக்கு முந்திச் சொல்லிவிடும்.

ஸ்ரியரிங்கின் தேய்மானம் மற்றைய பாகங்களின் தேய்மானத்திலிருந்து வேறுபடுவது இங்கேதான். இருக்கையின் தோல் வெடித்தாலும் நிறம் மங்கினாலும் வண்டி தன் தொழிலைச் செய்கிறது. ஸ்ரியரிங் ஆடினால் ஓட்டுபவர் நினைத்ததற்கும் சக்கரம் செய்வதற்கும் இடையே இடைவெளி விழுகிறது. அவர் திருப்பிய பிறகும் வண்டி சற்று நேரம் பழைய திசையிலேயே போகிறது. எண்ணத்தைச் சக்கரம்வரை கொண்டுசேர்ப்பதே இப்பாகங்களின் முழு வேலை என்பதால், அந்த வேலையைச் செய்யாத உலோகத்தைப் பழையது என்பதற்காக வைத்திருப்பதில் பொருளில்லை.

பாகங்களால் ஆன வண்டி என்பது இந்திய மெய்யியலில் மிகப் பழைய உதாரணம். பௌத்த நிக்காயங்களிலேயே வஜிரா என்ற பிக்குணி அதைக் கையாள்கிறார். மிலிந்த மன்னனுக்கும் நாகசேனருக்கும் நடந்த உரையாடலாக அமைந்த பாளி நூலான மிலிந்த பஞ்ஹாவில் அது விரிகிறது. மன்னன் ஏறி வந்த தேரைக் காட்டி நாகசேனர் கேட்கிறார்: ஏர்க்காலா தேர், அச்சா, சக்கரமா, நுகமா? எதுவும் இல்லை, அவற்றை விலக்கினால் எஞ்சுவதும் தேர் இல்லை. பாகங்கள் ஒருவகையாகச் சேர்ந்திருக்கும்போது வழக்கில் வழங்கும் பெயரே தேர் என்பது அவர் காட்டும் முடிவு. இந்நூல் இலங்கைத் தேரவாத மரபில் நெடுங்காலம் பயிலப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் சிங்களத்திலும் ஆக்கப்பட்டது. இந்தப் பார்வையில் கிங் பின்னை மாற்றியவர் எந்த மாறாப் பொருளையும் கெடுக்கவில்லை. கெடுவதற்கு அப்படி ஒன்று முதலிலேயே இல்லை.

நியாய வைசேடிகர் இதை ஏற்கவில்லை. பாகங்களுக்கு வேறாக முழுமை என்று ஒன்று உண்மையாகவே உண்டு, அது பாகங்களில் உறைகிறது என்றார்கள். அப்படிச் சொன்னதற்கு அவர்கள் பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பாகம் நீங்கினால் அந்த முழுமை அழிந்து, புதிய பாகத்தோடு வேறொரு முழுமை பிறக்கிறது என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவர்கள் கணக்கில், ஒரு புஷ் மாற்றி வெளியே வரும் கார் கண்டிப்பாகச் சொன்னால் புதுக் கார். அதே கார் என்று நாம் அடையாளம் காண்பது ஒப்புமையால். முழுமையை மிக உறுதியாகக் காக்கப் புறப்பட்டவர்களே அதை ஒவ்வொரு திருத்தத்திலும் இழக்கிறார்கள்.

சைவ சித்தாந்தம் வேறு வழியில் சென்றது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், எல்லாம் கணந்தோறும் அழிந்து பிறக்கின்றன என்னும் பௌத்தர் கொள்கையை எடுத்துக்கொண்டு மறுக்கிறார். உடல் மாறும், அதை எடுத்து நிற்கும் உயிர் தொடரும் என்பது சித்தாந்தத்தின் நிலை. மனிதனுக்கு இது போதிய விடை. காருக்கு உயிர் இல்லாததால் இந்த விடையை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் உயிரில்லாத கல்லும் மரமும் செம்பும் மாற்றப்படும்போது தொடர்ச்சியை எப்படிக் காப்பது என்பதற்குச் சைவ ஆகமங்களில் தெளிவான நடைமுறை ஒன்று உண்டு. அது மன்னாரிலேயே கண்முன் நிற்கிறது.

மாந்தைக் கரையில் பாலாவியின் பக்கத்தில் உள்ள திருக்கேதீச்சரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் காலத்தில் அக்கோயில் அழிந்தது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 1872இல் ஆறுமுக நாவலர் அதை மீட்க வேண்டுமென்று அறிக்கை விடுத்தார். 1903இல் சிறு கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. 1976இல் பெரிய அளவில் மறுபடி நடந்தது. பின்னர் போர்க்காலம். பிறகு இந்திய அரசின் உதவியோடு கருங்கல்லில் எழுந்த கோயிலுக்கு 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் ஆனது. பாடல் பெற்ற கோயிலின் சுவரும் கூரையும் இன்று அங்கே இல்லை. ஆனாலும் அங்கே போகிற எவரும் வேறொரு கோயிலுக்குப் போவதாக நினைப்பதில்லை.

சிதைந்ததைப் புதுக்கும் இந்தக் கிரியைக்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயர். திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் சாந்நித்தியம் கும்பத்துக்கு எடுக்கப்பட்டு, தற்காலிகக் கோயிலான பாலாலயத்தில் வைக்கப்படும். அதன் பிறகே கல்லில் கைவைப்பார்கள். வேலை நடக்கும் மாதங்களோ வருடங்களோ பாலாலயத்தில் பூசை நிற்காது. திருப்பணி முடிந்ததும் கும்பாபிஷேகத்தோடு சாந்நித்தியம் திரும்பச் சேர்க்கப்படும். இந்த ஒழுங்கு தொடர்ச்சியை ஒரு செயலாக ஆக்கிவிடுகிறது. அது பொருளில் தானாகக் கிடப்பதுமில்லை, வெறும் பெயராகக் கரைவதுமில்லை. யாரோ அதைப் பொறுப்பேற்று ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுபோகிறார்கள். நாகசேனரும் நையாயிகரும் தொடாத இடம் இது. இருவரும் பொருளைப் பார்த்தார்கள். அதைப் பராமரிக்கும் கையைக் கணக்கில் எடுக்கவில்லை.

இதே மாந்தையிலிருந்து நேர் எதிரான இன்னொரு உதாரணமும் கிடைக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து சில கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள், இன்றைய மடுவான மருதமடுவுக்குப் போயின. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அது தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஓகஸ்டில் மடுவுக்குத் திரும்பியது. திருக்கேதீச்சரத்தில் இடம் அதே இடம், கல் வேறு. மடு மாதாவிடத்தில் சொரூபம் அதே சொரூபம், இடம் வேறு. இரண்டு மரபிலும் மக்கள் “அதுதான் இது” என்று சொல்லத் தயங்கியதில்லை. இரண்டிலும் பொதுவாக இருப்பது, விட்டுவிடாமல் ஏற்றெடுத்து வந்த ஒரு சமூகம். திருக்கேதீச்சரத்தின் முந்நூறு ஆண்டு இடைவெளியில் பூசை இருக்கவில்லை என்பது உண்மை. அந்த இடைவெளியைத் தேவாரம் ஓதியவர்களின் நினைவு கடந்துவந்தது. கோயிலுக்கு அது போதும்; காருக்குப் போதுமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியை இங்கிலாந்தின் நீதிமன்றம் ஒன்று 1990இல் தீர்க்க வேண்டி வந்தது. ‘ஓல்ட் நம்பர் வன்’ என்று பெயர்பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை 1929இலும் 1930இலும் வென்ற கார். பிறகு அது பலமுறை பிரிக்கப்பட்டு, எஞ்சினும் சட்டமும் உடலும் மாறி, முதற் பாகங்களில் மிகக் கொஞ்சமே மிஞ்சிய நிலையில் ஒரு கோடி பவுண்டுக்கு விலைபேசப்பட்டது. வாங்கவிருந்தவர்கள் இது அந்தக் கார் அல்ல என்று பின்வாங்கினார்கள். நீதிபதி ஒட்டன் விற்பவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1929, 1930 ஆண்டுகளின் பாகங்களால் ஆனது என்ற பொருளில் அதை அசல் என்று சொல்ல முடியாது. ஆனால் இடையறாத வரலாறு அதற்கு இருக்கிறது, எந்தக் கட்டத்திலும் அது மறைந்துபோகவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறு காரும் இல்லை. ஆகவே அதுவே உண்மையான ஓல்ட் நம்பர் வன் என்பது அவர் முடிபு. கும்பத்தையும் பாலாலயத்தையும் அறியாத நீதிமன்றம் ஏறக்குறைய அதே நியாயத்தில் வந்து நின்றது குறிப்பிடத்தக்கது.

அரசுப் பதிவேடு வேறு வழியில் போகிறது. இலங்கையில் வண்டியின் அடையாளம் பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், பதிவு இலக்கம் ஆகியவற்றில் இருக்கிறது. அந்த இலக்கத் தகடும் ஒருகாலம் இத்தீவில் அடையாளப் போராட்டத்தின் களமாயிற்று. 1957இல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து தகடுகளில் கட்டாயமானபோது தமிழர் அதை மறுத்துத் தமிழ் எழுத்தில் ‘ஸ்ரீ’ எழுதி ஓடினார்கள். ஸ்பிரைட் வெளிவந்த ஆண்டு அந்தப் போராட்டம் கொதித்த ஆண்டு. கிங் பின்னுக்கும் டை றொட்டுக்கும் பதிவேட்டில் இடமில்லை. அவை எத்தனை முறை மாறினாலும் சட்டத்தின் கண்ணில் வண்டி அதேதான்.

திருத்துபவரின் கையில் இந்த நியாயம் எப்படி நடைமுறையாகிறது என்பதற்குப் போர்க்கால வடக்கு சாட்சி. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் உதிரிப்பாகமும் வரவில்லை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் கிடைத்த வெண்கலத்தை லேத்தில் கடைந்து போட்டார்கள். அவை எந்தத் தொழிற்சாலையின் முத்திரையும் இல்லாதவை. ஆனாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை. இலங்கையிலேயே செய்யப்பட்ட மைனரின் உடற்தகடுகளும் அக்கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. எது அசல் நாடு, எது இரவல் கை என்று பிரிப்பது அதன்பின் எளிதாக இல்லை.

ஆனால் லேத்தில் கடைந்து போடக்கூடியதற்கும் கூடாததற்கும் எல்லை உண்டு. கிங் பின்னின் இரு புஷ்களையும் வெண்கலத்தில் செய்யலாம். அவற்றை அழுத்திப் பூட்டிய பிறகு, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் அமையும்படி ரீமர் ஓட்ட வேண்டும். தனித்தனியே ரீமர் ஓட்டினால் பின் ஒரு பக்கம் கடித்து ஓரிரு மாதத்தில் மறுபடி தேயும். புஷ்ஷின் கிறீஸ் துளை உறையின் துளையோடு பொருந்தியிருக்கிறதா என்று பூட்டும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். பொருந்தாவிட்டால் நிப்பிளில் எவ்வளவு கிறீஸ் அடித்தாலும் உள்ளே போகாது. பின் தேய்ந்திருந்தால் புதிது. தேய்ந்த பின்னில் வெல்டிங் ஏற்றிக் கடைந்து போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை எந்தச் சிக்கனமும் நியாயப்படுத்தாது. வெப்பம் உருக்கின் பதத்தைக் கெடுத்துவிடும், பின்னர் அது எச்சரிக்காமலே முறியும்.

ஸ்பிரைட்டின் பெருங்குறை கிங் பின்னின் கீழ்முனையில் இருக்கிறது. அங்கே மரை வெட்டிய குறுக்குப் பின் ஒன்று தாங்கலின் கீழ்க்கையினூடாகப் போகிறது. சிறு கொட்டர் பின் ஒன்று அதைக் கிங் பின்னோடு பூட்டி வைக்கிறது. பழைய கைநூல்கள் 1000 மைலுக்கு ஒருமுறை அங்கே கிறீஸ் அடிக்கச் சொன்னதற்குக் காரணம் இந்த மரைதான். கிறீஸ் காணாமல் உப்புக்காற்றில் ஓடிய வண்டியில் மரையும் கொட்டர் பின்னும் துருவேறி ஒன்றாகிவிடும். சுத்தியலால் அடித்தால் கொட்டரின் மரைமுனை மடங்கும். எண்ணெய் ஊறவிட்டு, சூடேற்றி, பொறுமையாகத் துளையிட்டே எடுக்க வேண்டும். எடுத்த பிறகு கீழ்க்கையின் மரை தேய்ந்திருப்பது தெரிந்தால் புதுப் பின் மட்டும் போடுவது வீண். கையையும் மாற்ற வேண்டும். டை றொட் முனைகள் திறக்க முடியாதபடி மூடிய மூட்டுகள். ஆட்டம் கண்டால் திருத்தம் கிடையாது, மாற்றுவதே வழி. றாக்கின் உட்பந்து மூட்டைத் தகடு குறைத்து இறுக்கலாம். நடுப்பல் குழிந்த றாக்குக்கு வேறு றாக்தான். எல்லாம் பூட்டிய பின் முன்சக்கரங்களின் உள்ளொடுக்கம் பூச்சியத்திலிருந்து 3 மில்லிமீற்றருக்குள் நிற்கும்படி டை றொட்டுகளைச் சரிசெய்ய வேண்டும். இருபக்கமும் சமனாகத் திருகினால்தான் ஸ்ரியரிங் வளையம் நேராக நிற்கும்.

வேலையைப் பதிந்துவைப்பதும் வேலையின் பகுதியே. எந்தப் பாகம் எந்தத் திகதியில் எத்தனையாவது மைலில் மாறியது, எங்கே கடையப்பட்டது, எந்த உலோகம் என்பவை எழுதப்பட்ட வண்டிக்கு நீதிபதி ஒட்டன் தேடிய இடையறாத வரலாறு கையிலேயே இருக்கும். எழுதாத வண்டியில் அடுத்துத் திருத்துபவர் ஒவ்வொரு மூட்டையும் சந்தேகத்தோடு தொட வேண்டியிருக்கும்.

மிஞ்சுவது கழற்றிய பாகங்கள். தீசியஸின் கப்பலில் பழுதான பலகைகளை மாற்றிக்கொண்டே வந்தது பற்றிக் கிரேக்கர் வாதாடியதைப் புளூட்டாக் எழுதிவைத்தார். 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் அதில் ஒரு முடிச்சுப் போட்டார்: கழித்த பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து அதே ஒழுங்கில் இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? பழைய கார்ச் சந்தையில் இது கற்பனை இல்லை. ஒரு காரின் சட்டமும் அதன் கழித்த உடலும் வெவ்வேறு கைகளுக்குப் போய், ஒரே பெயருக்கு இரண்டு கார்கள் உரிமை கேட்பதுண்டு. ஸ்ரியரிங் பாகத்தில் இந்த முடிச்சு இன்னும் ஆபத்தானது. கழித்த கிங் பின்னும் டை றொட் முனையும் துடைத்து எண்ணெய் பூசப்பட்டு, பழைய இரும்புக் கடை வழியாக இன்னொரு வண்டிக்குப் போய்ச் சேரும்.

ஆகமங்கள் கழிக்கப்பட்ட திருவுருவுக்கும் வழி சொல்லியிருக்கின்றன. கல் ஆழ்ந்த நீருக்கு, மரம் தீக்கு, உலோகம் உருக்குவதற்கு. சாந்நித்தியம் நீங்கிய உரு மறுபடி வழிபாட்டுக்கு வரக்கூடாது என்பது அதன் நோக்கம். கிங் பின்னுக்கும் பந்து மூட்டுக்கும் பொருந்துவது மூன்றாவது. கராஜை விட்டு வெளியேறுமுன் அவற்றைக் கிரைண்டரால் இரண்டாக வெட்டிவிட வேண்டும். பிறகு அவை உருக்குவதற்குப் போகலாம்.